ஹார்ட் அட்டாக் வந்தவர் ஃப்ளைட் ஏறலாமா? "கூடவே கூடாது" என்பதும் தப்பு, பார்க்காமல் கையெழுத்து போடுவதும் தப்பு

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்டில் இதய நோய் உள்ள பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில் இருந்தால், பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

போன மாதம் ஓபியில் பிரஷர் மாத்திரை வாங்க ஒரு பெரியவர் வந்தார். வயது 64. மூன்று வருடம் முன்பு அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தவர். சீட்டு எழுதிக்கொண்டே, "பேரப்பிள்ளைங்க எத்தனை பேருங்கய்யா?" என்றேன். "ஒரே பேத்தி சார். துபாய்ல இருக்கா. ரெண்டு வயசு ஆகுது. போன்லதான் பாத்திருக்கேன்" என்றார்.

2/
"ஏங்கய்யா, நீங்க போகலையா?"

"எனக்குத்தான் ஹார்ட்ல கோளாறு ஆச்சே சார். ஹார்ட் பேஷண்ட் ஃப்ளைட்ல ஏறினா உசுருக்கு ஆபத்துன்னு சொல்லிட்டாங்க. பிரசவத்துக்கு வீட்டுக்காரி மட்டும் போய்ட்டு வந்தா."

"யாரு சொன்னா?"

"எல்லாருந்தான் சார் சொன்னாங்க."

3/
விசாரித்துப் பார்த்தேன். ஸ்டென்ட் வைத்த பிறகு ஒரு நாள்கூட நெஞ்சு வலி இல்லை. தினமும் காலையில் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய் வருகிறார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு நிற்காமல் ஏறுகிறார். ஃபைலில் இருந்த எக்கோவில் இதயத்தின் பம்பிங் 55 சதவீதம். பிரஷர் நன்றாக இருக்கிறது.

இவர் துபாய் போயிருக்கலாம். இரண்டு வருடத்துக்கு முன்பே. மகளின் பிரசவத்துக்கே போயிருக்கலாம். யாரோ போகிற போக்கில் சொன்ன ஒரு "கூடாது" அவரை வீட்டில் உட்கார வைத்துவிட்டது.

4/
இப்போது இதற்கு நேர் எதிரான கதை.

கொஞ்ச நாள் முன்பு ஒரு தம்பி வந்தார். கையில் விமான நிறுவனத்தின் படிவம். "சார், அம்மாவ சிங்கப்பூர் கூட்டிட்டுப் போறேன். நாளான்னிக்கு ஃப்ளைட். ஒரு சைன் மட்டும் போட்டுக் குடுங்க."

"அம்மா எங்க?"

"வெளிய ஆட்டோல இருக்காங்க சார். நடந்தா கொஞ்சம் மூச்சு வாங்குது. அதான் எதுக்கு சிரமம்னு..."

நடந்தால் மூச்சு வாங்குகிறது என்பதற்காக, விமானத்தில் போகத் தகுதி உண்டா என்று பார்க்கிற இடத்துக்கே அந்த அம்மாவை அவர் அழைத்து வரவில்லை.

5/
வீல்சேரில் கூட்டி வரச் சொன்னேன். கால் இரண்டும் வீங்கியிருந்தது, அழுத்தினால் குழி விழுந்தது. இரண்டு வாரமாகப் படுத்தால் மூச்சுத் திணறல், மூன்று தலையணை வைத்துத் தூங்குகிறாராம். பழைய எக்கோவில் பம்பிங் 30 சதவீதம். நுரையீரலில் நீர் கோத்திருக்கும் சத்தம்.

கையெழுத்து போடவில்லை. அட்மிஷன் போட்டேன். தம்பிக்கு என் மேல் கோபம். டிக்கெட் பணம் போச்சே என்று. அவர் கோபமும் எனக்குப் புரிகிறது.

6/
ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இப்படி ஆளைப் பார்க்காமல் ஒரு சான்றிதழில் கையெழுத்து போட்டிருக்கிறேன். வரிசையில் நூறு பேர் நின்றார்கள், கேட்டவர் தெரிந்தவர், போட்டுவிட்டேன். அந்த நோயாளி போய்விட்டு நல்லபடியாகத் திரும்பினார். அது என் திறமை இல்லை. அவருடைய நல்ல நேரம்.

இந்த த்ரெட்டின் சாரம் இதுதான்: யோசிக்காமல் "கூடாது" என்பதும், பார்க்காமல் "போகலாம்" என்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். இரண்டிலும் அந்த மனிதரை யாரும் பரிசோதிக்கவில்லை.

7/
நான் இதயநோய் நிபுணர் கிடையாது. எம்பிபிஎஸ் மருத்துவன். ஆனால் இந்தச் சான்றிதழ் கேட்டு மக்கள் முதலில் வருவது எங்களைப் போன்றவர்களிடம்தான். அதனால் விமானத்துக்குள் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். அது புரிந்தால் பயமும் குறையும், அலட்சியமும் குறையும்.

8/
விமானம் சுமார் 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. அந்த உயரத்துக் காற்றை நம்மால் சுவாசித்து உயிர் வாழ முடியாது. அதனால் உள்ளே காற்றை அழுத்தி வைக்கிறார்கள். ஆனால் தரைமட்டத்தில் இருக்கும் அளவுக்கு அழுத்துவதில்லை. 8,000 அடி உயரத்தில் என்ன காற்றழுத்தம் இருக்குமோ, அதைவிடக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 மாதிரியான புது விமானங்களில் சுமார் 6,000 அடி.

8,000 அடி என்றால் எவ்வளவு? ஊட்டி சுமார் 7,350 அடி. தொட்டபெட்டா சிகரம் சுமார் 8,650 அடி. இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். விமானப் பயணம் உங்கள் இதயத்துக்கு அவ்வளவுதான்.

9/
ஊட்டியிலும் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம்தான். அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் அளவு குறைகிறது. 8,000 அடியில் சுவாசிப்பது, தரையில் 15 சதவீத ஆக்ஸிஜன் உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம்.

நல்ல ஆரோக்கியமானவருக்கே விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் சில புள்ளிகள் இறங்கும். அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. இதயம் கொஞ்சம் வேகமாகத் துடித்துச் சமாளித்துக்கொள்ளும்.

கேள்வியே இதுதான்: அந்தக் கொஞ்சம் கூடுதல் வேலையைச் செய்ய உங்கள் இதயத்தில் தெம்பு மிச்சம் இருக்கிறதா?

10/
பெரும்பாலான இதய நோயாளிகளுக்கு அந்தத் தெம்பு இருக்கிறது. ஊட்டிக்கு பஸ்ஸில் போய், பொட்டானிக்கல் கார்டனில் நடந்து, டீ குடித்துவிட்டு வருகிற ஸ்டென்ட் வைத்தவர்கள் எத்தனை பேர்! அவர்களை யாரும் தடுப்பதில்லை. அதே ஆள் ஃப்ளைட் டிக்கெட் எடுத்தால் மட்டும் குடும்பமே பதறுகிறது.

11/
எண்ணிக்கையும் இதையே சொல்கிறது. 2013இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. 2008 முதல் 2010 வரை ஐந்து விமான நிறுவனங்களில் நடுவானில் நடந்த 11,920 மருத்துவ அவசரங்களை எடுத்துப் பார்த்தார்கள். 604 விமானங்களுக்கு ஒன்று என்ற கணக்கு.

அதில் அதிகம் என்ன தெரியுமா? மயக்கம், தலைசுற்றல். 37 சதவீதம். அடுத்து மூச்சுப் பிரச்சனை 12 சதவீதம், வாந்தி குமட்டல் 9.5 சதவீதம். இதயம் சம்பந்தப்பட்ட அறிகுறிகள் 7.7 சதவீதம். இதயம் அப்படியே நின்றுபோன கார்டியாக் அரெஸ்ட் 0.3 சதவீதம்.

குறைவுதான். ஆனால் அந்த 0.3இல் ஒருவராக நாம் இருந்துவிடக் கூடாது என்பதற்குத்தான் கிளம்பும் முன் பரிசோதனை.

12/
சரி, யார் போகலாம், யார் பொறுக்க வேண்டும்? பிரிட்டிஷ் கார்டியோவாஸ்குலர் சொசைட்டி 2010இல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. உலகம் முழுக்க மருத்துவர்கள் அதைப் பார்க்கிறார்கள். எளிமையாகச் சொல்கிறேன்.

ஹார்ட் அட்டாக்: முதல் அட்டாக், 65 வயதுக்குக் கீழ், அடைப்பு வெற்றிகரமாக நீக்கப்பட்டது, பம்பிங் 45 சதவீதத்துக்கு மேல், சிக்கல் எதுவும் இல்லை, மேற்கொண்டு சிகிச்சை பாக்கி இல்லை என்றால் 3 நாள் கழித்தே பறக்கலாம்.

பம்பிங் 40க்கு மேல், இதயச் செயலிழப்பு அறிகுறி இல்லை என்கிற நடுத்தர ரகம்: 10 நாள்.

பம்பிங் 40க்குக் கீழ், மூச்சுத் திணறல், கால் வீக்கம், இன்னும் ஆஞ்சியோ பாக்கி: நிலைமை சீராகும் வரை வேண்டாம்.

13/
திட்டமிட்டு வைத்த ஸ்டென்ட், சிக்கல் இல்லாமல்: 2 நாள்.

பேஸ்மேக்கர், சிக்கல் இல்லாமல்: 2 நாள். வைக்கும்போது நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்திருந்தால், அது முழுதாகச் சரியாகி 2 வாரம்.

பைபாஸ் ஆபரேஷன்: குறைந்தது 10 நாள். ஏன் தெரியுமா? நெஞ்சைத் திறந்து மூடும்போது உள்ளே கொஞ்சம் காற்று தங்கும். மேலே போனதும் அழுத்தம் குறைந்து அந்தக் காற்று மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு விரியும். விமானத்தில் சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதை நெஞ்சுக்குள் நடக்கக் கூடாது.

14/
இதயச் செயலிழப்பு, அதாவது ஹார்ட் ஃபெயிலியர்: திடீரென்று மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால், சீராகி 6 வாரம் வரை பொறுப்பது நல்லது. நாள்பட்டு இருந்தாலும் வீட்டு வேலை, நடை எல்லாம் சாதாரணமாக முடிகிறவர் போகலாம். கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிறவருக்கு விமான நிலைய உதவி வேண்டும், ஆக்ஸிஜன் தேவையா என்றும் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் சாதாரணப் பயணியாக ஏறவே கூடாது.

இவை குறைந்தபட்ச நாட்கள். விமான நிறுவனங்கள் சில இதைவிடக் கூடுதல் நாள் கேட்கும். அவர்கள் விதிதான் செல்லும். உங்களைப் பார்க்கும் டாக்டர் சொல்வது இந்தப் பட்டியலுக்கும் மேலே.

15/
நோயின் பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். "ஸ்டென்ட் வச்சவர்", "பைபாஸ் ஆனவர்" என்பதெல்லாம் பழைய விஷயம். இப்போது அந்த இதயம் எப்படி இருக்கிறது என்பதே கேள்வி. என்னிடம் வருகிறவர்களிடம் நான் ஆறு கேள்வி கேட்கிறேன். நீங்களே வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

16/
ஒன்று: எப்போது நடந்தது? அட்டாக், ஆபரேஷன், அட்மிஷன் எதுவானாலும் தேதியோடு.

இரண்டு: கடைசி எக்கோ எப்போது, பம்பிங் எவ்வளவு? மூன்று வருடப் பழைய எக்கோ என்றால் புதிதாக ஒன்று எடுங்கள்.

மூன்று: சமதரையில் 50 மீட்டர், அல்லது பத்துப் பன்னிரண்டு படி, நிற்காமல், நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் இல்லாமல் முடிகிறதா? செலவில்லாத பரிசோதனை. நான் ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே பார்த்துவிடுவேன்.

17/
நான்கு: கடந்த இரண்டு வாரத்தில் ஏதாவது மாறியிருக்கிறதா? புதிதாக வலி, கால் வீக்கம், தலையணை கூடியது, திடீர் எடை ஏற்றம், படபடப்பு, மயக்கம், மாத்திரை மாற்றம். இதில் ஒன்று இருந்தாலும் டிக்கெட்டை ஒத்திவைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இதோடு ரத்த சோகையையும் சேர்த்துப் பார்ப்பேன். நம் ஊர் அம்மாக்களுக்கு ஹீமோகுளோபின் 7, 8 என்று சர்வசாதாரணமாக இருக்கும். ஆக்ஸிஜன் குறைவான இடத்துக்கு, அதைச் சுமக்கும் வண்டியும் குறைவாகப் போனால் பாவம் அந்த இதயம் என்ன செய்யும்? 8க்குக் கீழே இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

18/
ஐந்து: எங்கே இறங்குகிறீர்கள்? இதைக் கேட்க எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

சென்னையிலிருந்து துபாய், சிங்கப்பூர் போனால் இறங்கும் இடம் கடல்மட்டம். பிரச்சனை இல்லை. ஆனால் லே, லடாக் டூர் போகிறீர்கள் என்றால் விமானத்துக்குள் இருந்ததைவிட, கதவைத் திறந்து இறங்கும் இடம்தான் உயரம்! லே விமான நிலையமே 10,000 அடிக்கு மேல். விமானத்தில் நான்கு மணி நேரம், அங்கே நான்கு நாள். அதுவும் நடந்து, ஏறி, குளிரில். பம்பிங் குறைந்தவர்களுக்கு நான் பயப்படுவது அந்த மாதிரிப் பயணங்களுக்குத்தான்.

ஹஜ், உம்ராவும் அப்படித்தான். விமானத்தில் உட்கார்ந்து போவது எளிது. அங்கே வெயிலில், கூட்டத்தில், தினமும் பல கிலோமீட்டர் நடை. அதற்கான தெம்பை இரண்டு மூன்று மாதம் முன்பிருந்தே தினம் நடந்து வளர்க்க வேண்டும்.

19/
ஆறு: மாத்திரை எங்கே இருக்கும்?

சிரிக்காதீர்கள். அத்தனை மாத்திரையையும் பெரிய பெட்டியில் போட்டு செக்-இன் பண்ணிவிட்டு, வெறுங்கையோடு ஏறுகிறவர்கள் நிறைய. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால்? ஸ்டென்ட் வைத்த புதிதில் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும். அது விமானம் செய்யும் கெடுதல் இல்லை, பெட்டி செய்யும் கெடுதல்.

எல்லா மாத்திரையும் கைப்பையில். பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக.

20/
எங்கள் ஆஸ்பத்திரிகளில் மாத்திரையைப் பட்டையிலிருந்து வெட்டிக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பது உண்டு. வெளிநாட்டு விமான நிலையத்தில் அந்தக் கவரைக் காட்டி "இது பிரஷருக்கு, இது கொழுப்புக்கு" என்றால் யாருக்கும் புரியாது. பெயர் தெரியும்படி முழுப் பட்டையாகக் கேட்டு வாங்குங்கள். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். வலி மாத்திரை, தூக்க மாத்திரை சிலவற்றுக்கு வளைகுடா நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு இருக்கிறது. போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

21/
ஒரே ஒரு தாள் தயார் செய்யுங்கள். என்ன நோய், எந்தத் தேதியில் என்ன சிகிச்சை, பம்பிங் எவ்வளவு, மாத்திரைகளின் வேதிப்பெயர், அளவு, அலர்ஜி, வீட்டு போன் நம்பர். நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே தெரியாது, வேதிப்பெயர் எல்லா நாட்டிலும் தெரியும்.

கடைசி இசிஜியை போனில் போட்டோ எடுத்து வையுங்கள். இது மிக முக்கியம். அட்டாக் வந்த சிலருக்கு இசிஜி எப்போதுமே கொஞ்சம் மாறித்தான் இருக்கும். பழையது கையில் இருந்தால்தான், அங்கே இருக்கும் டாக்டருக்கு எது புதுசு என்று தெரியும்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதன் அட்டையைக் காட்டுங்கள். பாதுகாப்பு வாசலைச் சாதாரணமாக நடந்து கடக்கலாம், அங்கேயே நிற்காதீர்கள். கைக்கருவியைப் பேஸ்மேக்கர் மேலேயே வைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

22/
வீல்சேர் கேளுங்கள். டிக்கெட் போடும்போதே கேளுங்கள்.

விமானத்தைவிட விமான நிலையம்தான் பலருக்கு இதயப் பரிசோதனை. பார்க்கிங்கில் இருந்து வாசல், வாசலில் இருந்து கவுன்ட்டர், இமிகிரேஷன் வரிசை, கடைசி நிமிடத்தில் கேட் மாற்றம், கையில் பத்துக் கிலோ ஊறுகாயும் முறுக்கும். இத்தனையும் விடிய விடியத் தூங்காமல்.

"நாலு பேர் பாத்தா என்ன நினைப்பாங்க" என்று அப்பாக்கள் வீல்சேரை மறுக்கிறார்கள். அந்த நாலு பேர் உங்களுக்கு நெஞ்சு வலி வந்தால் வரமாட்டார்கள் அய்யா.

23/
ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்கள் செய்யும் ஒரு காரியம்: ஃப்ளைட்ல பாத்ரூம் போகணுமே என்று, அன்றைக்கு நீர் பிரியும் மாத்திரையை விட்டுவிடுவார்கள். கூடவே விமானத்தில் கொடுக்கும் உப்புக் கடலை. இறங்கும்போது கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு இறங்குவார்கள்.

மாத்திரையை விடாதீர்கள். நேரத்தைக் கொஞ்சம் தள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். நடைபாதை ஓர இருக்கை வாங்குங்கள்.

"விமானத்தில் நிறைய தண்ணீர் குடிக்கணும்" என்ற பொது அறிவுரை உங்களுக்குப் பொருந்தாது. ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று அளந்து கொடுத்திருந்தால், மேலேயும் அதே ஒன்றரைதான்.

24/
நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தக்கட்டி வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2007இல் சொன்னது. ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு. இது ஃப்ளைட்டுக்கு மட்டும் இல்லை, நீண்ட தூர பஸ், கார், ரயிலுக்கும் சேர்த்துத்தான். சென்னையிலிருந்து நாகர்கோவில் வரை பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்து போகிறோமே, அதற்கும்.

மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். முடியாவிட்டால் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். மது வேண்டாம்.

25/
நடுவானில் நெஞ்சு வலி வந்தால்?

உடனே தலைக்கு மேல் இருக்கும் பொத்தானை அழுத்துங்கள். தயவுசெய்து எழுந்து பாத்ரூமுக்குள் போகாதீர்கள். யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்று உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்வது நம் மக்களின் வழக்கம். உள்ளே விழுந்தால் யாருக்கும் தெரியாது.

பணியாளர்களிடம் "எனக்கு ஹார்ட் பிரச்சனை இருக்கு" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், அந்தத் தாளைக் கொடுங்கள். ஆக்ஸிஜன் அவர்களிடம் இருக்கும். தரையில் உள்ள மருத்துவரிடம் பேசவும் பல நிறுவனங்களில் வசதி உண்டு.

26/
நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட், டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும். உட்கார்ந்துகொண்டு வையுங்கள், பிரஷர் இறங்கும். வீரியத்துக்கான மாத்திரை எடுத்திருந்தால் வைக்கவே கூடாது, உதவிக்கு வருபவரிடம் அதை மறைக்காதீர்கள். பக்கத்து சீட்டுக்காரருக்கு மயக்கம் என்றால் உங்கள் மாத்திரையை எடுத்து நீட்டாதீர்கள். மேலே சொன்ன 37 சதவீத மயக்கக்காரருக்கு ஏற்கனவே பிரஷர் குறைந்திருக்கும், இதைக் கொடுத்தால் இன்னும் விழும்.

"என்னால விமானத்தத் திருப்பிட்டா?" என்று பயந்து வலியை மறைக்கிறவர்கள் உண்டு. அதே ஆய்வில் 7 சதவீதச் சம்பவங்களில்தான் விமானம் வேறு ஊரில் இறக்கப்பட்டது. திருப்ப வேண்டியிருந்தால் திருப்பட்டும். உயிரைவிட எரிபொருள் ஒன்றும் பெரிசு இல்லை.

27/
ஆக்ஸிஜன் தேவைப்படுகிறவர்கள் வீட்டு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதற்கென்றே மருத்துவத் தகவல் படிவம் இருக்கிறது. குறைந்தது 48 மணி நேரம் முன்பு என்பார்கள், நான் ஒரு வாரம் முன்பே கொடுங்கள் என்பேன்.

நோயை மறைத்து ஏறுவது புத்திசாலித்தனம் என்று சிலர் நினைக்கிறார்கள். "சொன்னா ஏத்த மாட்டாங்க சார்." சொன்னால் பெரும்பாலும் ஏற்றுவார்கள், கூடவே உதவியும் தருவார்கள். மறைத்தால், பயணக் காப்பீடு எடுத்திருந்தும் பணம் வராது. வெளிநாட்டில் ஐசியூ ஒரு நாள் செலவு, ஊரில் ஒரு நிலத்தை விற்கிற செலவு.

28/
கடைசியாக ஒரு விஷயம், இது எல்லோருக்கும். அமெரிக்காவில் சிகாகோவின் விமான நிலையங்களில், நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவியை ஒன்றரை நிமிட நடைக்குள் எடுக்கும்படி சுவரெல்லாம் மாட்டினார்கள். இரண்டு வருடத்தில் அங்கே ஷாக் கொடுத்தால் பிழைக்கக்கூடிய வகை கார்டியாக் அரெஸ்ட் 18 பேருக்கு வந்தது. 11 பேர் காப்பாற்றப்பட்டார்கள். காப்பாற்றியவர்களில் பலர் அந்தக் கருவியைப் பயன்படுத்தப் பயிற்சி எடுக்காதவர்கள். கருவியே பேசும், அது சொன்னபடி செய்தார்கள்.

அமெரிக்காவில் 2004 முதல் பெரிய பயணிகள் விமானங்களில் இந்தக் கருவி கட்டாயம். அடுத்த முறை விமான நிலையத்தில் காத்திருக்கும்போது, ஏஇடி பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இல்லை என்றால் கேளுங்கள். கேட்டால்தான் வரும். மார்பை அழுத்தி உயிர் காக்கும் சிபிஆர் முறையை ஒரு நாள் ஒதுக்கிக் கற்றுக்கொள்ளுங்கள்.

29/
என் சக மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஓபியில் நமக்கு ஒரு நோயாளிக்கு இரண்டு நிமிடம்கூடக் கிடைப்பதில்லை, தெரியும். ஆனால் இந்த ஒரு கையெழுத்துக்கு மட்டும் பத்து நிமிடம் எடுங்கள். ஆளைப் பார்க்காமல் போடாதீர்கள். பயமாக இருக்கிறது என்பதற்காக "ஃப்ளைட்டே வேண்டாம்" என்று எழுதி அனுப்பவும் செய்யாதீர்கள். சந்தேகம் இருந்தால் இதயநோய் நிபுணருக்கு அனுப்புங்கள். "வேண்டாம்" என்பது நமக்குப் பாதுகாப்பான பதில். நோயாளிக்கு அது சில நேரம் ஒரு பிரசவம், ஒரு கல்யாணம், ஒரு கடைசி முகம்.

30/
அந்த அம்மா என்ன ஆனார்? பத்து நாள் அட்மிஷனில் நீர் வடிந்து, மாத்திரைகள் மாற்றி, பெரிய ஆஸ்பத்திரியில் இதயநோய் நிபுணரைப் பார்த்து, இரண்டு மாதம் கழித்து சிங்கப்பூர் போனார். வீல்சேரில், நடைபாதை ஓர இருக்கையில், மாத்திரைக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. கோபித்துக்கொண்ட தம்பிதான் அங்கிருந்து போட்டோ அனுப்பினார்.

துபாய் பேத்தியின் தாத்தாவுக்குப் புது எக்கோ, இசிஜி, ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தேன். எல்லாம் சரியாக இருந்தது. போன வாரம் வந்து, "பாஸ்போர்ட்டுக்குக் குடுத்திருக்கேன் சார். பேத்திக்கு என்ன வாங்கிட்டுப் போகலாம்?" என்று கேட்டார்.

அதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. "மாத்திரைய மட்டும் பெரிய பெட்டில போட்டுடாதீங்கய்யா" என்று சொல்லி அனுப்பினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தாத்தா "எல்லாருந்தான் சொன்னாங்க" என்று உட்கார்ந்திருந்தால், ஒருமுறை டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.